ஒரு வாசலையும் விடாதவர்

எதன் முன்னால் நின்றாலும் அக்கா அவசரமில்லாமல் நிற்பார். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். பின்னால் வரிசையில் நிற்கிற பெண்கள் சத்தம் போடுவார்கள். அக்கா மட்டும் பீலிக்கு மேலே பாசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற நத்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வேதக்கார அக்கா, நத்தைக்கு ஞானஸ்நானம் குடுத்து முடிச்சாச்சுன்னா கொடத்த எடுங்க. எங்களுக்கு ஒல வைக்கணும்" என்று பாக்கியம் கத்துவாள்.

அக்கா சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்குவார். தூக்கி இடுப்பில் வைத்த பிறகும் ஒரு தடவை நத்தையைத் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய பேரை எழுத மனம் வரவில்லை. கடலுக்கு அக்கரையில் இருக்கிறாரோ இல்லையோ; இருந்தாலும் எந்த ஊரில், என்ன நிலைமையில் இருக்கிறாரோ. ஒரு பேரைத் தாளில் எழுதி வைத்தால் அதனால் என்ன வந்து சேரும் என்று நமக்குத் தெரியாது. பேர் எழுதி எழுதித்தான் எங்கள் ஆட்கள் அங்கும் இங்குமாகப் பிரிந்து போனார்கள். அதனால் அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பனி இல்லாத நாளில் கொட்டகலை ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் எங்கள் லயம் தெரியும். தேயிலை மலையின் இடுப்பில் வீட்டுக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒரே வரிசை. மேல்முனைக் காம்பராவில் அக்காவும் அவர் புருஷனும் இருந்தார்கள். அண்ணனுக்குத் தொழிற்சாலையில் தேயிலை அரைக்கிற இடத்தில் வேலை. பிள்ளை இல்லை. எனக்கு அடிமுனைக் காம்பரா. நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடை மாட்டியவள். கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்தபோது எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். மண் சரியுமோ என்று பயம், கூரைத் தகரம் பறக்குமோ என்று பயம், சும்மா இருக்கிற நாளில் ஏன் சும்மா இருக்கிறது என்று பயம். அக்காவுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அது என்னவென்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் பேர் இந்தியாவுக்கு எழுதியிருந்தது.

அந்த வருஷங்களில் இந்தியாவா இலங்கையா என்று அரசாங்கத்துக்கு ஒவ்வொரு வீடும் ஏதாவது ஒரு பக்கம் எழுதியிருந்தது. நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று எழுதியவர்கள். அண்ணன் கல்யாணத்துக்கு முந்தியே அக்கரைக்கு எழுதிவிட்டார். துறையூர்ப் பக்கம் அவருடைய மூத்தவர் இருந்தார். அக்கா இங்கே பிறந்தவர். கடலைப் பார்த்ததில்லை. அவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஈ, எறும்புகூடச் சொந்தமில்லை. முறை வந்துவிட்டால் பாஸ்போர்ட்டு, பிறகு நாள் குறிப்பார்கள், பிறகு தலைமன்னாருக்கு ரயில்கோச்சி, அங்கிருந்து கப்பல். முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் வரலாம், பத்து வருஷம் கழித்தும் வரலாம்.

"வரவே கூடாது புள்ள" என்பார் என்னிடம். "நானு அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கேன். அவரும் அதே அந்தோனியாருக்குத்தான் நேர்ந்திருக்காரு, சீக்கிரம் வரணும்னு. ஒரே சாமி முன்னால ரெண்டு பேரும் ரெண்டு மெழுகுதிரி. அந்தோனியாரு பாவம், என்னதான் செய்வாரு."

எங்கள் லயத்தில் வேத வீடு அது ஒன்றுதான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையோடு அப்படியே கீழே கோயிலுக்கு இறங்குவார். அங்கே சுவரில் சுற்றி வர, ஏசு சிலுவை சுமந்து போகிற படங்கள் இருக்குமாம். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று செபம் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டுமாம். ஒன்றையும் தாண்டிப் போகக் கூடாதாம். பிறகு நடந்ததை அக்கா இதோடு சேர்த்துச் சொன்னதில்லைதான். ஆனாலும் எங்கள் லயத்தில் நடந்ததற்கு வேர் அங்கேதான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். பிழையாகவும் இருக்கலாம்.

மாதத்துக்கு ஒரு தடவை பௌர்ணமிக்கு வருகிற போயா லீவுக்குச் சாராயத் தவறணை திறக்க மாட்டார்கள். சிங்களச் சனம் வெள்ளை உடுத்திப் புத்தர் பன்சலைக்குப் போகிற நாள். எங்கள் ஆண்களுக்கு அது கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாத நாள். சண்டையும் அன்றைக்குத்தான் கூட. குடித்தவன் போடுகிற சண்டை எங்களுக்குப் பழக்கம். குடிக்காதவன் போடுகிற சண்டைக்கு என்ன பதில் சொல்வதென்று பெண்களுக்குத் தெரியாது.

அப்படி ஒரு போயாவில்தான் பாக்கியத்தின் புருஷன் முத்துவேல், புதிதாக வெள்ளையடித்த சுவரில் அடுப்புக்கரியால் மயில் வரைந்துவிட்டான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், கை சும்மா இருக்காது. அடுத்த நாள் பெரிய தொரை லயம் பார்க்க வருவதாக இருந்தது. அதற்காகத்தான் வெள்ளையே அடித்தது.

"அடப்பாவி மனுசா, சொவத்துல கரியப் பூசி வச்சிருக்கியே! வேலையில பேர வெட்டிருவாய்ங்களே!" பாக்கியம் விளக்குமாற்றோடு நின்றாள்.

"கரியில்லடி. மயிலு."

"மயிலா? ஒன் மூஞ்சி!"

தண்ணீர்க் குடத்தோடு வந்த அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்க அக்கா, இது அடுக்குமா?"

அக்கா குடத்தை இறக்கி வைத்தார். மயிலின் முன்னால் நின்றார். நத்தையின் முன்னால் நிற்கிற மாதிரியே நின்றார். பாக்கியம் விளக்குமாற்றை ஓங்கியபடியே காத்திருந்தாள். கை வலித்ததோ என்னவோ, கொஞ்சம் இறக்கினாள். பிறகு தானும் பார்த்தாள்.

"ஏன் தம்பி, இதுக்கு ஒத்தக் காலு?"

"மழைக்கு ஒரு கால மடக்கி வச்சிருக்கு அக்கா."

"மழ எங்க?"

"நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள வந்துரும்."

பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விளக்குமாறு கீழே போனது. அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த வாசலில் போய் நின்றார். அங்கே வெள்ளைச் சுவர்தான். அதற்கடுத்த வாசலிலும் நின்றார். ஒன்றுமில்லாத சுவரை, மயிலைப் பார்த்த அதே நேரம் பார்த்தார். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து, "என்ன அக்கா?" என்றார்கள். "ஒண்ணுமில்ல. பாத்துட்டுப் போறேன்."

என் வாசலுக்கு வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மலையில் என் வீட்டுக்காரருக்கு ஏதோ ஆகிவிட்டது, சொல்லத் தெரியாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் என்னவோ உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

தம் வீட்டுச் சுவரை ஒருத்தர் அப்படி நின்று பார்த்துவிட்டுப் போனால் யாருக்கும் கூச்சம் வரும். அடுத்த போயாவுக்கு இன்னும் இரண்டு மூன்று வீட்டில் ஏதோ இருந்தது. அதற்கடுத்ததற்கு எல்லா வீட்டிலும். சுவரில் வரைந்தால் தோட்டத்தில் ஏசுவார்கள் என்று வாசலை ஒட்டின இஸ்தோப்பில் ஆணி அடித்து மாட்டினோம். சிமெந்துப் பைத் தாளில் தேயிலைச் சாயத்தால் ஒருவர் ஹட்டன் பஸ்ஸை வரைந்திருந்தார். சனம் நிரம்பி இடமில்லாமல் டிரைவர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். தேயிலைப் பெட்டியில் ஒட்டுகிற ஈயத்தாளில் மீன் வெட்டித் தொங்கவிட்டது ஒரு வீடு. நீலத்தையும் மஞ்சளையும் குழைத்து, கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டுகிற பழைய படங்குச் சீலையில் தீட்டினாள் பாக்கியம். என்ன தீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

அக்கா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தன் வாசலிலிருந்து இறங்குவார். முதல் வாசலில் நிற்பார், பார்ப்பார். பார்த்து முடித்ததும் அந்த வீட்டுக்காரர்கள் அவர் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். அடுத்த வீடு. அவர்களும் சேர்வார்கள். இப்படியே வாசலுக்கு வாசல் ஆள் கூடி, என் கதவுக்கு வரும்போது லயமே வந்து நிற்கும்.  'நல்லாருக்கு' என்று அக்கா சொல்லி யாரும் கேட்டதில்லை. 'நல்லால்ல' என்றும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பார். பஸ் வரைந்தவரிடம், "இதுல ஒங்க வீட்டம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "அவ ஸ்டாண்டுலயே நிக்கிறா, ஏத்தல" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். அந்த வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு போயாவில் நான் ஒன்றும் செய்யவில்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல். நனைந்த கறுப்புக் கம்பளியை இஸ்தோப்பின் திறந்த பக்கத்து ஆணியில் காயப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். கூட்டத்தோடு வந்த அக்கா அதன் முன்னால் நின்றார்.

"அக்கா, அது காயப் போட்டது."

"இருக்கட்டும்."

கம்பளியெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. பின்னாலிருந்து வந்த வெயில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. முத்துவேல் மட்டும், "இப்படி வானம் இருந்தா நாளைக்கு மழ இல்ல" என்றான். அக்கா என் பக்கம் திரும்பி, "காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றார். அன்றைக்குக் கேட்ட கேள்வி அதுதான்.

ஒரு வாசலையும் விடாத இந்தக் குணத்தால் கெடுதலும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு தடவை கூட்டம் பாதி லயம் வந்திருந்தபோது தோட்டத்துக் கண்டாக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்களையெல்லாம் மேய்க்கிற உத்தியோகம். ஆள் கூடினாலே அவருக்கு ஸ்ட்ரைக்குத்தான்.

"என்ன கூட்டம் இது? தலைவர் யாரு?"

"படம் பாக்குறோமுங்க ஐயா" என்றார் அக்கா.

"படமா? எங்க, திரையக் காணோம்?"

அடுத்த வாசல் முத்துவேலுடையது. அந்த மாதம் அவன் மாட்டியிருந்தது கண்டாக்கின் படம். கரியால், அச்சு அசலாக, மோட்டார் சைக்கிளோடு. காது மட்டும் முறம் மாதிரி இரண்டு.  பாக்கியம் ஓடிப்போய் படத்துக்கு முன்னால் நின்று முந்தானையை விரித்தாள். அக்கா அந்த ஒரு வாசலைத் தாண்டிப் போயிருந்தால் கண்டாக்கும் பின்னாலேயே போயிருப்பார். அக்கா நின்றார். "கொஞ்சம் தள்ளு பாக்கியம்" என்றார். பாக்கியம் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தள்ளினாள்.

கண்டாக்கு பார்த்தார். நெடு நேரம் பார்த்தார். 

"யாரு இது?"

 அக்காதான் சொன்னார். "ஐயாவுங்க."

கண்டாக்கு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சைக்கிள ஒழுங்காத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். தப்பித்தோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் முத்துவேலை, காட்டோரம் அட்டை கடிக்கிற செங்குத்து மலைக்குத் தனியாக வெட்டப் போட்டார். அந்த மாதம் முழுக்க அங்கேதான்.

பாக்கியம் பீலியில் வைத்தே கேட்டாள். "ஒரு வாசல விட்டா ஒங்க ஏசு கோவிச்சுக்குவாரா? நின்னே ஆகணுமா? எம் புருசன் கால வந்து பாருங்க, அட்டையால கொதறிக் கெடக்கு."

"ஒரு வாசல விட்டுட்டா, பெறகு எல்லாத்தையும் விட்ரலாம்னு தோணிரும் பாக்கியம்" என்றார் அக்கா. வேறு சமாதானம் சொல்லவில்லை. சாயங்காலம் உப்பும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு வந்து முத்துவேலின் காலில் அட்டைக்கடிக்குப் போட்டுவிட்டார். பாக்கியம் முகம் கொடுக்கவில்லை. அவள் செய்ததும் சரிதான் என்று எனக்குப் பட்டது. அக்காவையும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் சரி என்று படும்போது எனக்குத் தூக்கம் வராது.

அடுத்த போயாவுக்கு முத்துவேல் மாட்டியிருந்த தாளில் வெறும் இரண்டு காது மட்டும் இருந்தது. ஆளே இல்லை. பாக்கியமே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு அதிக நாள் போகவில்லை. முறை வரத் தொடங்கியது.

முதலில் ராமாயி வீடு. நடுக் காம்பரா; ஈயத்தாளில் மீன் வெட்டியவர்கள். அவர்கள் கிளம்புவதற்கு முந்தின போயாவில் வீட்டில் எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. ஆணியைக்கூடப் பிடுங்கி வைத்திருந்தார்கள். அக்கா வந்து வெறும் சுவர் முன்னால் நின்றார். பின்னால் நாங்களும் நின்றோம்.

"மாட்டுறதுக்கு ஒண்ணுமில்ல அக்கா. எல்லாம் பெட்டிக்குள்ள" என்றாள் ராமாயி.

"இருக்கட்டும்."

அக்கா நகரவில்லை. ராமாயி உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டுக்காக ஹட்டன் ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படத்தைக் கொண்டுவந்து, ஆணி இல்லாததால், தன் நெஞ்சோடு வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்திலும் அவள், படத்துக்குப் பின்னாலும் அவள். படத்தில் இருக்கிறவள் முறைத்துக்கொண்டிருந்தாள், பிடித்திருந்தவள் அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார். "யாரோட சீல கட்டியிருக்க? ஒன்னோடது மாதிரி இல்லையே."

"ஸ்டூடியோக்காரங்களோடது அக்கா. கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அவர்கள் போன பிறகு அந்தக் கதவில் தோட்டத்துப் பூட்டு விழுந்தது. அதற்கடுத்த போயாவில் அக்கா அந்தப் பூட்டின் முன்னாலும் நின்றார். மற்ற வாசலில் நிற்கிற அதே நேரம். பின்னால் வந்த சனத்துக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

"பூட்டுன கதவுல என்ன அக்கா இருக்கு? வாங்க" என்றான் முத்துவேல்.

"நீ பாக்கலையா? மீனு தொங்குன கூரைக் கம்புல கயிறு அப்படியே இருக்கு."

இருந்தது. ஒரு துண்டுக் கயிறு, காற்றில் ஆடிக்கொண்டு.

ஒரு பூட்டு, இரண்டு பூட்டு என்றால் பரவாயில்லை. ஒரு வருஷத்துக்குள் பூட்டு பெருகியது. பஸ் வரைந்தவரும் போனார், பஸ்ஸில் ஏற்றாமல் விட்ட வீட்டம்மாவோடு. புதிதாக யாரையும் அந்தக் காம்பராக்களில் போடவில்லை. அக்கா ஒவ்வொரு பூட்டின் முன்னாலும் நிற்க நிற்கச் சனத்துக்குப் பயம் பிடித்தது. இழவு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். அவர் வந்து நின்று பார்க்கிற வீட்டுக்குத்தான் அடுத்த முறை வருகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவர் எல்லா வீட்டு முன்னாலும்தானே நிற்கிறார்! சொன்னால் யார் கேட்கிறார்கள். போயா மத்தியானத்தில் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். மாட்டுவதும் நின்றது. முத்துவேல் முந்தின நாளே இரண்டு போத்தல் வாங்கிப் பதுக்கி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டான்.

அக்கா நடந்தார். தனியாக. சாத்திய கதவும் பூட்டிய கதவும் அவருக்கு ஒன்றுதான். கடைசியில் என் வாசலுக்கு வருவார். அவர் பின்னால் வரிசையாக வாசல்கள் மட்டும் இருக்கும். எனக்கும் அந்தப் பேச்சுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கதவைச் சாத்தினால் அதைவிடப் பயம். ஏதாவது மாட்டி வைத்திருப்பேன், கலண்டர்த் தாளோ, பிள்ளையின் சட்டையோ. பார்ப்பார், கேட்பார், போவார். ஒரு நாள் நான் கேட்டுவிட்டேன்.

"தனியா நடக்க ஒரு மாதிரியா இல்லையா அக்கா?"

"இருக்கு புள்ள" என்றார் உடனே. "முன்னெல்லாம் முதுகுக்குப் பின்னால சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். முத்துவேலு யாரையாவது நக்கல் பண்ணுவான். இப்ப என் செருப்புச் சத்தந்தான் எனக்கு." கொஞ்சம் நின்று, "இங்கயே இப்படின்னா, அங்க போயி எந்த வாசல்ல நிப்பேன்? நின்னா, இவ யாருன்னு கேப்பாங்கள்ல?" என்றார்.

அண்ணனுடைய அந்தோனியார்தான் ஜெயித்தார். பெரட்டுக்களத்தில் வைத்துக் கிளாக்கர் ஐயா அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார், முறை வந்துவிட்டது என்று. அண்ணன் அங்கிருந்து மலைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அக்கா அப்போது மலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டார். பிறகு அந்த நிரையை முடித்தார்.

கிளம்புவதற்குள் ஒரு போயா வந்தது. பெட்டி கட்டுகிற வேலையில் நடக்க மாட்டார் என்று நினைத்தேன். வழக்கமான நேரத்துக்கு இறங்கினார். முத்துவேல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அக்கா நின்றார்.

"போங்க அக்கா, இங்க ஒண்ணுமில்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருக்கட்டும் தம்பி."

"போறவங்க எதுக்குப் பாக்கணும்? அங்க போயி மயிலு பாருங்க. அங்கதான் நெறைய இருக்காமுல்ல."

அக்கா நின்றார். உள்ளே மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

என் சுவரில் அன்றைக்கு ஒன்றுமில்லை. எதை மாட்டினாலும் கடைசியாக மாட்டுவது ஆகிவிடுமே என்று கை வரவில்லை. அக்கா வெறும் சுவரைப் பார்த்தார். கூரையோரத்தில் இருந்த ஈரத்தில் விரலை வைத்தார்.

"ஒழுகுதா?"

"ரெண்டு மாசமா அக்கா."

"சொல்லவேயில்லையே."

கொட்டகலை ஸ்டேஷனுக்கு லயத்தில் மிச்சம் இருந்த எல்லோரும் போனோம். கதவைச் சாத்தியவர்களும் வந்தார்கள். அந்தக் கோச்சியை எங்கள் பக்கம் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அழுகையை ஏற்றிக்கொண்டுதான் வரும். பிளாட்பாரத்தில் வரிசையாக நின்றோம். கூட்டம் நெருக்கினால் எனக்கு மூச்சு முட்டும். அதனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

மற்றவர்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஓடுவார்கள், திரும்பி வருவார்கள். அக்கா அப்படிச் செய்யவில்லை. வரிசையின் முதல் ஆள் முன்னால் போய் நின்றார். பார்த்தார். ஒன்று கேட்டார். அடுத்த ஆள். பார்த்தார். கேட்டார். கோச்சி வந்து நின்றது. அண்ணன் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலில் தலையை நீட்டி, "ஏறு, ஏறுங்கிறேன்ல!" என்று கத்தினார். அக்கா பாக்கியத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாக்கியம், "போங்க அக்கா, போங்க, கோச்சி போயிரும்" என்று தள்ளினாள். அக்கா தள்ளின கையைப் பிடித்துக்கொண்டு பார்த்து முடித்தார். பிறகு முத்துவேல். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான். துண்டை எடுக்கும்வரை நின்றார்.

விசில் ஊதினார்கள். எனக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அண்ணன் இறங்கி ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றினார். கோச்சி நகர்ந்தது. அவர்கள் ஏறிய பெட்டி என்னைத் தாண்டித்தான் போனது. கதவு முழுக்கக் கைகள், முகங்கள், எல்லாம் அழுகை. அதில் அவர் முகம் எது என்று நான் தேடி முடிப்பதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

என்னிடம் என்ன கேட்டிருப்பார் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். கூரை ஒழுகுவதைத்தான் கேட்டிருப்பார்.

அடுத்த மாதம் போயா வந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மத்தியானம் கதவைத் திறந்து பார்க்கிறேன், பூட்டு விழாத வீடு அத்தனையிலும் ஏதோ மாட்டியிருக்கிறது. பாக்கியம் படங்குச் சீலையைத் தொங்கவிட்டிருந்தாள். முத்துவேல் சிமெந்துத் தாளில் கரியால் ஏதோ பெரிதாக வரைந்திருந்தான். என் வாசலிலிருந்து பார்த்தால் என்னவென்று தெரியவில்லை. நானும் ஒன்றை மாட்டினேன். மாட்டிவிட்டு, எல்லோரையும் போல வாசலில் நின்றேன். அவரவர் வாசலில் அவரவர் நின்றோம். யாராவது வந்து பார்த்துவிட்டுப் போனால் பின்னால் சேர்ந்துகொள்ளலாம்.

"யாராவது நடங்கப்பா!" என்று முத்துவேல் கத்தினான்.

"நீ நடய்யா" என்றது ஒரு வீடு.

"நானு மாட்டியிருக்கேன்ல. வந்து பாக்குறவங்களுக்கு யாரு சொல்றது?"

"நாங்க மட்டும் மாட்டலையா?"

சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றது. வெயில் போனது. மலை உச்சியிலிருந்து பனி இறங்கியது. முதலில் மேல்முனைக் காம்பராவின் பூட்டை மூடியது. பிறகு அடுத்த வாசல், அதற்கடுத்தது, பாக்கியம், முத்துவேல். யாரும் உள்ளே போகவில்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, அந்தப் பனி என் வாசலுக்கு வருகிறவரை நின்றேன்.